ஜான் பிரவுனைப் படிப்பது எப்படி: அடிமை ஒழிப்பின் ஆயுத வரலாற்றுக்கு ஒரு வாசிப்பு வழிகாட்டி

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கதையைப் படித்தவர்களுக்கு ஆபிரகாம் லிங்கனைத் தெரியும்; 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரையும் தெரியும். அந்தப் போருக்கு முந்தைய முப்பது ஆண்டுகளில், பேச்சாலும் எழுத்தாலும் மனுக்களாலும் மட்டும் இந்தக் கொடுமை தீராது என்று முடிவுகட்டி ஆயுதத்தைக் கையில் எடுத்தவர்களைப் பற்றிப் பொதுவான வரலாற்று நூல்களில் ஓரிரு பத்திகளுக்கு மேல் கிடைப்பதில்லை. கிடைக்கும் பத்திகளும், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊரில் இருந்த அரசு ஆயுதச்சாலையைத் தாக்கித் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுன் என்ற ஒரே மனிதரோடு நின்றுவிடுகின்றன. ஒருவர் அவரைத் தியாகி என்பார், இன்னொருவர் வெறியர் என்பார். இருவருமே அந்தத் தாக்குதல் நடந்த 1859 அக்டோபர் 16 இரவிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். இதைப் பற்றிக் கட்டுரை எழுத நினைக்கும் மாணவருக்கும், வாசிப்பு வட்டத்தில் பேச நினைப்பவருக்கும், எந்த வரிசையில் படிப்பது, எந்த ஆவணத்தை எவ்வளவு நம்புவது, எந்த இடத்தில் நிதானிப்பது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்முறைக் கணக்கை அடிமைமுறையிலிருந்தே தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கிய பிறகும், அடிமை ஒழிப்பாளர்களின் கையால் இறந்தவர்களின் பெயர்களை அந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.

முதலில் சட்டத்தைப் படியுங்கள்

வாழ்க்கை வரலாற்று நூலை எடுப்பதற்கு முன்பு, ஒரே ஒரு தீர்ப்பைப் படித்துவிடுவது நல்லது. 1829இல் வட கரோலினா மாநிலத்தில் ஜான் மேன் என்பவர், லிடியா என்ற அடிமைப் பெண்ணை அவளுடைய உரிமையாளரிடமிருந்து ஓராண்டு வாடகைக்கு எடுத்திருந்தார். ஏதோ ஒரு சிறு தவறுக்காக அவர் அவளைத் தண்டிக்கத் தொடங்கியபோது அவள் பிடியிலிருந்து விலகி ஓடினாள். அவர் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தினார். கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் நீதிபதி தாமஸ் ரஃபின் அதை ரத்து செய்தார். அடிமையின் கீழ்ப்படிதல் முழுமையாக இருக்க வேண்டுமென்றால் எசமானின் அதிகாரமும் முழுமையாக இருந்தாக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கொள்கையின் கடுமையைத் தாமும் உணர்வதாக அதே தீர்ப்பில் எழுதிவிட்டு, பிறகு அதையே சட்டமாக்கினார். சில பக்கங்களே உள்ள இந்தத் தீர்ப்பைப் படித்தவருக்கு, சாட்டையும் துப்பாக்கியும் அங்கே சட்டத்துக்குப் புறம்பானவையாக இருக்கவில்லை, சட்டமே அவற்றை எடுத்துக் கொடுத்தது என்பது புரிந்துவிடும்.

இதோடு சில எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1790இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 7 லட்சம். 1860இல் அது 39 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அடிமைமுறை தானாகவே தேய்ந்து மறைந்துகொண்டிருந்தது, பொறுமையாக இருந்திருந்தால் போதும் என்ற வாதம் எங்காவது எதிர்ப்பட்டால், இந்த இரண்டு எண்களை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தாக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள்

அடுத்த கட்டமாக, 1830 முதல் 1859 வரை ஆண்டுவாரியாக ஒரு காலவரிசையை நீங்களே தயாரியுங்கள். அச்சில் கிடைக்கும் காலவரிசைகள் பெரும்பாலும் சட்டங்களையும் தேர்தல்களையும் சொல்பவை. உங்களுடையதில் யார் யாரை அடித்தார்கள், யாருடைய சொத்தை யார் எரித்தார்கள் என்பது இடம்பெற வேண்டும்.

1835 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் அஞ்சலகத்துக்கு வந்திருந்த அடிமை ஒழிப்புப் பிரசுரங்களை எடுத்துத் தீயிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று பாஸ்டனில் இன்னொரு கும்பல் அடிமை ஒழிப்புப் பத்திரிகையாளர் வில்லியம் லாயிட் கேரிசனைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. 1837 நவம்பர் 7 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில், ஏற்கெனவே மூன்று முறை அச்சு எந்திரத்தை இழந்திருந்த பத்திரிகை ஆசிரியர் எலைஜா லவ்ஜாய், நான்காவது எந்திரத்தைக் காக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 1838 மே மாதம் பிலடெல்பியாவில் கூட்டங்கள் நடத்துவதற்கென்றே கட்டப்பட்ட பென்சில்வேனியா மண்டபம், திறப்பு விழா நடந்து மூன்றே நாட்களில் எரிக்கப்பட்டது. 1836 முதல் 1844 வரை, அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பிரதிநிதிகள் சபை வைத்திருந்தது. மனு எழுதினால் விவாதம் கிடையாது, அச்சடித்தால் எந்திரம் மிஞ்சாது, மண்டபம் கட்டினால் சாம்பல்தான் மிச்சம் என்ற நிலையில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த மனிதர்களின் முடிவுகளைப் பற்றித்தான் நாம் படிக்கப்போகிறோம்.

கேரிசனை இங்கே விரிவாகப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். 1831 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் வார இதழ் தொடங்கிய அவர் எந்த வகையான வன்முறையையும் ஏற்காதவர். அடிமை தன் எசமானைத் தாக்குவதைக்கூட அவருடைய கொள்கை ஆதரிக்கவில்லை. ஆயுதப் பாதையைத் தேர்ந்தவர்கள் இவருடைய பாதையைத் தெரியாமல் தேர்ந்தவர்கள் அல்லர். பலர் அதில் பல ஆண்டுகள் நடந்துவிட்டு விலகியவர்கள். ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்ட நாளன்று பாஸ்டனில் பேசிய கேரிசன், தாம் இன்னும் அமைதிக் கொள்கையாளரே என்று சொல்லிவிட்டு, தெற்கில் எழும் ஒவ்வொரு அடிமைக் கிளர்ச்சிக்கும் வெற்றி கிட்டட்டும் என்று வாழ்த்தினார். கேரிசனே அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைத் தேடிப் படிப்பது, பத்து வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

கறுப்பினத்தவரின் மரபை முன்னால் வையுங்கள்

வெள்ளையர் ஒருவர் தலைமையேற்று நடத்திய தாக்குதல் என்பதாலேயே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு இவ்வளவு புகழ் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆகவே பிரவுனுக்கு முன்பு குறைந்தது நான்கு பெயர்களையாவது படித்துவிடுங்கள். 1800இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே கிளர்ச்சிக்குத் திட்டமிட்டுத் தூக்கிலிடப்பட்ட கேப்ரியல் என்ற கொல்லர். 1829இல் பாஸ்டனில் பழைய துணிக்கடை நடத்திக்கொண்டே, அடிமைகள் எதிர்த்து நிற்க வேண்டும் என்று அறைகூவல் அச்சடித்து, கப்பல் மாலுமிகள் வழியாகத் தெற்கே அனுப்பிய டேவிட் வாக்கர். அந்தச் சிறு நூலுக்கு அஞ்சி ஜார்ஜியாவும் வட கரோலினாவும் லூசியானாவும் புதிய சட்டங்கள் இயற்றின. 1843இல் பஃபலோ நகரில் நடந்த கறுப்பின மக்கள் மாநாட்டில், அடிமைகள் எதிர்ப்பையே தங்கள் முழக்கமாகக் கொள்ள வேண்டும் என்று உரையாற்றிய ஹென்றி ஹைலண்ட் கார்னெட். அந்த உரையை மாநாட்டின் குரலாக ஏற்கும் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது, எதிர்த்துப் பேசியவர்களில், அடிமைத்தளையிலிருந்து தப்பிப் புகழ்பெற்ற பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸும் ஒருவர். நான்காவது பெயர் நாட் டர்னர். அவரிடம் சற்று நிற்க வேண்டும்.

1831 ஆகஸ்ட் 21 இரவு வர்ஜீனியாவின் சௌதாம்ப்டன் வட்டாரத்தில் டர்னரின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறக்குறைய 55 வெள்ளையர் கொல்லப்பட்டனர். நமக்குக் கிடைக்கும் முக்கியமான சான்று, சிறையில் டர்னரைச் சந்தித்த தாமஸ் கிரே என்ற வழக்கறிஞர் எழுதி வெளியிட்ட வாக்குமூலம். அதைப் படிக்கும்போது தேதிகளை விடாமல் கவனியுங்கள். அக்டோபர் 30 அன்று டர்னர் பிடிபட்டார். நவம்பர் 5 அன்று விசாரணை முடிந்தது. 10ஆம் தேதி கிரே அந்நூலுக்கு உரிமை பதிவு செய்தார். 11ஆம் தேதி டர்னர் தூக்கிலிடப்பட்டார். கேட்டு எழுதியவருக்கு விற்பனை நோக்கம் இருந்தது; பேசியவருக்கு அதைத் திருத்தும் வாய்ப்பே இல்லை. அதற்காக அந்த ஆவணத்தைத் தூக்கி எறியவும் கூடாது, ஏனென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாததற்குக் காரணமாக, தம்மிடம் குற்ற உணர்வு இல்லை என்று டர்னர் சொன்னதும் அதில்தான் பதிவாகியிருக்கிறது. கிரேயின் நடையில் கிரே தெரிகிறார். அந்த நடைக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும் வாக்கியங்களில் டர்னரைத் தேடுங்கள்.

கிளர்ச்சிக்குப் பிறகு விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் கணக்கு சில பத்துகளிலிருந்து 200 வரை விரிகிறது. இப்படிப்பட்ட இடங்களில் உங்களுக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொள்ளாமல், இந்த இடைவெளியையே எழுதுங்கள். இறந்த வெள்ளையர் ஒவ்வொருவரும் பெயரோடு பதிவானதும், இறந்த கறுப்பினத்தவரை எண்ணக்கூட யாரும் மெனக்கெடாததும் அந்தச் சமூகத்தைப் பற்றிய முக்கியமான தகவல்.

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின் மூல வாசகத்தையும் இந்தக் கட்டத்தில் படித்துவிட வேண்டும். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. நடுவர் குழு கிடையாது. அவரை அடிமை என்று அனுப்பிவைத்தால் விசாரணை அலுவலருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். மறு ஆண்டே, 1851 செப்டம்பர் 11 அன்று, பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா கிராமத்தில் வில்லியம் பார்க்கர் என்ற, தாமே அடிமைத்தளையிலிருந்து தப்பியவர், தம் வீட்டில் அடைக்கலம் தந்திருந்தவர்களைப் பிடிக்க வந்த மேரிலண்ட் அடிமை உரிமையாளரையும் அரசு அலுவலரையும் ஆயுதத்தோடு எதிர்கொண்டார். உரிமையாளர் எட்வர்ட் கோர்சச் கொல்லப்பட்டார். பார்க்கர் டக்ளஸின் உதவியோடு கனடா சென்று சேர்ந்தார். 38 பேர் மீது அரசுத் துரோக வழக்கு போடப்பட்டது. முதலில் விசாரிக்கப்பட்டவரை நடுவர் குழு சில நிமிடங்களில் விடுவித்ததும் மொத்த வழக்கும் கலைந்தது. 1843இல் கார்னெட்டை எதிர்த்த டக்ளஸ், 1852இல் அந்தச் சட்டத்தைச் செல்லாக்காசாக்க வேண்டுமானால் ஆள்பிடிப்பவர்கள் அரை டஜன் பேர் செத்தாக வேண்டும் என்று மேடையில் பேசினார். ஒரு மனிதர் ஒன்பது ஆண்டுகளில் மாறிய தூரம் இது. நடுவில் இருந்தது 1850ஆம் ஆண்டுச் சட்டம்.

கன்சாஸ்: நாட்களை எண்ணிப் படிக்க வேண்டிய இடம்

1854ஆம் ஆண்டுச் சட்டம் கன்சாஸ் பகுதியில் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறியவர்களின் வாக்குக்கு விட்டது. இரு தரப்பும் ஆட்களையும் துப்பாக்கிகளையும் அனுப்பின. இங்கே ஆண்டுகளாகப் படித்தால் எதுவும் புரியாது. 1856 மே மாதத்தின் ஒரே வாரத்தை நாள்நாளாகப் படியுங்கள். மே 19, 20 தேதிகளில் அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னர் கன்சாஸ் பற்றி ஆவேசமாக உரையாற்றினார். 21ஆம் தேதி அடிமைமுறை ஆதரவுப் படை, எதிர்ப்பாளர்கள் குடியேறியிருந்த லாரன்ஸ் நகருக்குள் புகுந்து விடுதியை எரித்து அச்சகங்களை நொறுக்கியது. 22ஆம் தேதி தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ், செனட் அவையிலேயே, இருக்கையில் அமர்ந்திருந்த சம்னரைக் கைத்தடி முறியும்வரை அடித்தார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 24ஆம் தேதி இரவு பாட்டவாட்டமி ஓடையருகே ஐந்து பேரை ஜான் பிரவுனின் குழு வீடுகளிலிருந்து இழுத்து வந்து வாளால் வெட்டிக் கொன்றது.

சம்னர் தாக்கப்பட்ட செய்தி கேட்டுத்தான் பிரவுன் கொந்தளித்தார் என்று பல நூல்களில் படிப்பீர்கள். இதற்கு முதன்மையான ஆதாரம் அவருடைய மகன் சால்மன் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்ன நினைவு. அந்தச் செய்தி இரண்டே நாளில் கன்சாஸ் புல்வெளியில் இருந்த முகாமுக்கு எட்டியிருக்குமா என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. லாரன்ஸ் செய்தி மட்டுமே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை எல்லாம் ஒன்றினால் ஒன்று நடந்தவை என்று எழுதிவிடும் பழக்கத்தை இந்த வாரத்தில் வைத்துத்தான் முறிக்க வேண்டும்.

பாட்டவாட்டமியைத் தவிர்த்துவிட்டுப் பிரவுனைப் புகழ்வது எளிது. தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கொல்லப்பட்டவர்கள் ஜேம்ஸ் டாயில், அவருடைய மகன்கள் வில்லியம், ட்ரூரி, மற்றும் ஆலன் வில்கின்சன், வில்லியம் ஷெர்மன். இவர்கள் அடிமைமுறையை ஆதரித்த தரப்பினர். ஆனால் ஐவரில் ஒருவர்கூட அடிமை வைத்திருக்கவில்லை. டாயிலின் மனைவி மகாலா சில நாட்களுக்குப் பிறகு சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலம் காங்கிரஸ் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. இரவு பதினொரு மணி அளவில் கதவு தட்டப்பட்டது. வில்கின்சன் வீட்டுக்கு வழி கேட்டார்கள். கணவர் கதவைத் திறந்ததும் உள்ளே புகுந்து, தாங்கள் வடக்கின் படை என்றார்கள். முதலில் கணவரையும் பிறகு இரண்டு மகன்களையும் கூட்டிச் சென்றார்கள். பதினாறு வயது ஜானை மட்டும் விட்டுவிடுமாறு அவர் அழுது கேட்டதால் விட்டார்கள். காலையில் தேடிப் போனபோது கணவரும் வில்லியமும் வீட்டிலிருந்து ஏறக்குறைய இருநூறு கெஜத் தொலைவில் பாதையில் கிடந்தார்கள். இன்னொரு மகனை அடக்கம் செய்யும் நாள்வரை தாம் பார்க்கவில்லை என்றும், தாங்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகவும் அவர் சொல்கிறார். 1859இல் சிறையிலிருந்த பிரவுனுக்கு அவர் ஒரு கடிதமும் அனுப்பினார். தாம் உயிர்ப்பிச்சை கேட்டுக் காப்பாற்றிய அந்த ஜான் இப்போது வளர்ந்துவிட்டான், உங்களைத் தூக்கிலிடும் நாளில் அங்கே இருக்க ஆசைப்படுகிறான் என்று அதில் எழுதியிருந்தது.

இதே நிகழ்வுக்கு வேறு சான்றுகளையும் அருகே வைத்துப் பாருங்கள். 1860இல், பிரவுன் இறந்த சூட்டோடு, ஆதரவாளர் ஒருவர் எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, அன்றிரவு பிரவுன் அந்த இடத்திலேயே இல்லை என்றது. அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் டவுன்ஸ்லி 1879இல் வெளிப்படையாகப் பேசிய பிறகு அந்த மறுப்பு நிற்கவில்லை. இருபது ஆண்டுகள் ஆதரவாளர்கள் ஒரு பொய்யை நம்பினார்கள், ஏனென்றால் தங்கள் தியாகி அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நம்ப அவர்களுக்குத் தேவையிருந்தது. இதில் மகாலா டாயிலின் வாக்குமூலம் எதிர்த் தரப்பின் பிரசாரம் என்று ஒதுக்கப்பட்டதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி: ஒரே மனிதரின் இரண்டு பேச்சுகள்

தாக்குதலின் போக்கை எந்த நூலிலும் படித்துக்கொள்ளலாம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1859 அக்டோபர் 16 இரவு, பிரவுன் 18 பேரோடு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த மத்திய அரசின் ஆயுதச்சாலையைக் கைப்பற்றினார். மூவர், மேரிலண்டில் அவர்கள் தங்கியிருந்த பண்ணை வீட்டில் காவலுக்கு இருந்தனர். 18ஆம் தேதி காலை, ராபர்ட் ஈ. லீயின் தலைமையில் வந்த கடற்படை வீரர்கள், பிரவுன் குழு ஒதுங்கியிருந்த கட்டடத்தின் கதவை உடைத்து உள்ளே புகுந்தனர். பிரவுனின் ஆட்களில் பத்துப் பேர் இறந்தனர், அவர்களில் இருவர் அவருடைய மகன்கள், பிரவுன் உட்பட ஏழு பேர் பின்னர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் தப்பினர். தாக்குதலுக்குச் சில வாரங்களுக்கு முன் சேம்பர்ஸ்பர்க் கல்குவாரியில் பிரவுனைச் சந்தித்த டக்ளஸ், இது போனால் திரும்ப முடியாத இரும்புப் பொறி என்று எச்சரித்து, சேர மறுத்திருந்தார்.

கூர்ந்து வாசிக்கப் பழக, நவம்பர் 2 அன்று நீதிமன்றத்தில் பிரவுன் ஆற்றிய உரையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட உரை. அமெரிக்க மேடைப் பேச்சுகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுவது. கொலையோ, அரசுத் துரோகமோ, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதோ தம் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்கிறார். சென்ற குளிர்காலத்தில் மிசௌரியிலிருந்து அடிமைகளை அழைத்துச் சென்று கனடாவில் விட்டதைப் போல, அதையே பெரிய அளவில் செய்ய நினைத்ததாகச் சொல்கிறார். இப்போது, அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டருக்கு நவம்பர் 22 அன்று அவரே எழுதிய கடிதத்தை எடுங்கள். அடிமைகளை மாநிலங்களிலிருந்து வெளியே அழைத்துச் செல்வது தம் நோக்கமல்ல, அவர்கள் அங்கேயே தங்கள் விடுதலையைக் காத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்றும், நீதிமன்றத்தில் எதிர்பாராமல் பேச நேர்ந்த அவசரத்தில் முன்பு சொன்னதோடு முரண்படுவதைக் கவனிக்கவில்லை என்றும் திருத்துகிறார். பண்ணை வீட்டில் 900க்கு மேற்பட்ட ஈட்டிகள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடிதமே உண்மைக்கு நெருக்கம் என்பது தெளிவாகும். உரையை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரையை நான் முழுமையான கட்டுரையாக ஏற்க மாட்டேன்.

அவர் மனநிலை பிறழ்ந்தவர் என்ற கருத்தை எதிர்கொள்ளும்போதும் சான்று எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். ஒஹாயோவில் இருந்த உறவினர்களும் நண்பர்களும் பிரமாண வாக்குமூலங்கள் எழுதிக் கொடுத்தது அவர் உயிரைக் காப்பாற்றுவதற்காக. பிரவுனே அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நிராகரித்தார். அவரை நேரில் விசாரித்த வர்ஜீனியா ஆளுநர் வைஸ், அவரைப் பைத்தியம் என்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

அடுத்து, பிரவுனை விட்டு விலகி இரண்டு பேரைத் தேடுங்கள். டேஞ்சர்ஃபீல்ட் நியூபி, தாக்குதலில் பங்கெடுத்த ஐந்து கறுப்பினத்தவரில் ஒருவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். அவர் மனைவி ஹாரியட்டும் குழந்தைகளும் வர்ஜீனியாவில் அடிமைகளாகவே இருந்தனர். அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு கைக்குக் கிடைத்த ஹாரியட்டின் கடிதங்களை வர்ஜீனியா அரசு தன் ஆவணங்களோடு அச்சிட்டது. அதனால்தான் இன்று நாம் அவற்றைப் படிக்க முடிகிறது. சீக்கிரம் வந்து என்னை வாங்கிவிடுங்கள், நீங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று 1859 ஆகஸ்டில் அவர் எழுதுகிறார். ஒரு மனைவி தன் கணவரிடம் கேட்க நேர்ந்தது இது. ஈட்டி, துப்பாக்கி, அரசியல் திட்டம் எல்லாவற்றையும் பற்றிப் படித்த பிறகும் நியூபி ஏன் அந்தப் பாலத்தைக் கடந்தார் என்று கேட்பவருக்கு இந்தக் கடிதங்களைக் கொடுங்கள்.

இரண்டாமவர் ஹேவர்ட் ஷெப்பர்ட். ரயில் நிலையத்தில் பயணிகளின் சாமான்களைக் கையாளும் வேலையில் இருந்தவர். அடிமையல்லர், சுதந்திரமான கறுப்பினத்தவர். அடிமைகளை விடுவிக்க வந்தவர்களின் குண்டுக்கு முதலில் பலியானவர் அவரே. 1931இல், உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தெற்குக் கூட்டமைப்பின் நினைவைப் போற்றும் அமைப்பினர் அதே ஊரில் அவருக்குக் கல் நாட்டி, அடிமைகளின் விசுவாசத்துக்கு அவரை அடையாளமாக்கினார்கள். அவரோ இறந்தபோது அடிமையே அல்லர். தன் எண்ணம் என்ன என்று சொல்ல அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. அந்தக் கல்லின் மீதுள்ள கோபத்தில் ஷெப்பர்டையே மறந்துவிடுவது இந்தத் துறையில் நல்லெண்ணம் கொண்டவர்களும் செய்யும் பிழை.

1859 டிசம்பர் 2உடன் நிறுத்தாதீர்கள்

அமெரிக்க அரசியல் வன்முறையின் வரலாறு பிரவுனின் தூக்குமேடையில் முடிவதாக எழுதினால் அளவுகோல் முழுவதும் கோணலாகிவிடும். போருக்குப் பிந்தைய காலத்திலிருந்து குறைந்தது மூன்று நிகழ்வுகளைச் சேர்த்துப் படியுங்கள். 1866 மே மாதம் மெம்ஃபிஸ் நகரில் மூன்று நாட்களில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் படை கொன்றது, சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டனர், எண்ணிக்கை 60 முதல் 150 வரை சொல்லப்படுகிறது. 1898 நவம்பர் 10 அன்று வட கரோலினாவின் வில்மிங்டனில், வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சி துப்பாக்கி முனையில் அகற்றப்பட்டது.

தண்டனைகளை ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். பிரவுன் பிடிபட்ட நாளிலிருந்து குற்றவாளி என்று தீர்ப்பு வர 13 நாட்கள், தூக்கிலிட 45 நாட்கள் ஆயின. கோல்ஃபாக்ஸ் வழக்கில் ஏறக்குறைய நூறு பேர் மீது குற்றச்சாட்டு பதிவாகி, மூவருக்கு மட்டுமே தண்டனை தீர்ப்பானது. அதையும் 1876இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அடிமைமுறைக்கு எதிரான ஆயுதத்தை அரசு எந்த வேகத்தில் எதிர்கொண்டது, வெள்ளையர் ஆதிக்கத்துக்கான ஆயுதத்தை எந்த வேகத்தில் எதிர்கொண்டது என்பதை இந்தத் தேதிகளே காட்டுகின்றன.

எழுத உட்காரும்போது

பயங்கரவாதி, விடுதலை வீரர் என்ற இரண்டு சொற்களையும் முதல் வரைவில் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள். அவை வந்த உடனே விவரிப்பு நின்று தீர்ப்பு தொடங்கிவிடுகிறது. யார், எந்த நாளில், யாரை, எதைக் கொண்டு, யாருடைய அனுமதியோடு என்ற கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கொல்லப்பட்டார் என்று செயப்பாட்டு வினையில் எழுதும் ஒவ்வொரு முறையும், கொன்றவரின் பெயர் தெரிந்திருந்தால் அதையும் அதே வாக்கியத்தில் சேருங்கள். இரண்டு தரப்புக்கும் இதே விதி. இன்றைய அரசியலோடு ஒப்பிடும் ஆசை வரும். அதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள்; 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவருக்கு எந்தெந்த வழிகள் திறந்திருந்தன என்று முதலில் எழுதாத ஒப்பீட்டில் எடை இருக்காது.

மேலே சொன்ன ஆவணங்களில் பெரும்பாலானவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு, கன்சாஸ், மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் ஆவணக் காப்பகங்கள், 1860இல் வெளிவந்த செனட் விசாரணைக் குழு அறிக்கை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். தாக்குதலில் பங்கெடுத்துத் தப்பிய கறுப்பினத்தவரான ஆஸ்பர்ன் ஆண்டர்சன் 1861இல் வெளியிட்ட நேரடிச் சாட்சியத்தையும் விடாதீர்கள். அடிமைகள் யாரும் பிரவுனோடு சேரவில்லை என்று வர்ஜீனியா பரப்பிய கதையை, உள்ளே இருந்தவராக அவர் மறுக்கிறார்.

முதல் பயிற்சிக்கு ஒன்று தேவையென்றால், 1858 மே மாதம் கனடாவின் சாத்தம் நகரில் பிரவுனும் அவரோடு கூடியவர்களும் ஏற்றுக்கொண்ட தற்காலிக அரசியல் சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48 பிரிவுகள். 46ஆம் பிரிவு, எந்த மாநில அரசையோ மத்திய அரசையோ கவிழ்க்க இச்சாசனம் ஊக்கமளிப்பதாகக் கொள்ளக் கூடாது, திருத்தமும் நீக்கமுமே நோக்கம், கொடியும் விடுதலைப் போரில் முன்னோர் ஏந்திய அதே கொடிதான் என்கிறது. அடிமைகளாக இருந்து தப்பியவர்கள் அமர்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் இந்தப் பிரிவுக்கு எதிர்ப்பு எழுந்தது. பிரவுன் வாதாடி நிறைவேற்றினார். ஒரு தாளின் இடப்பக்கம் இந்தப் பிரிவையும், வலப்பக்கம் அவர் மீது சுமத்தப்பட்ட வர்ஜீனியா அரசுத் துரோகக் குற்றச்சாட்டையும் எழுதி, அக்டோபர் 16 இரவு அவர் செய்தவற்றில் எவை எந்தப் பக்கம் சேரும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வாருங்கள்.